உண்ணச் சோறு, உழைக்கத் தடை!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் பழமொழி. மருந்தை நாள்கணக்கின்றி உண்டால் அதுவே நோயாகிவிடும்; விருந்தும் அப்படித்தான். விருந்தாளிக்குரிய உபசரிப்பு மூன்று நாட்கள், அதற்கு மேல் அளிப்பது தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சிரமம் உண்டாகும்வரை விருந்தாளி தங்கிவிடலாகாது என்பதும் அவர்களுடைய போதனையே.

இந்த எல்லையை நாம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பக்கமிருந்தே பார்க்கிறோம். அரிசிப் பானை காலியாகிவிடக் கூடாதே என்ற கவலை! விருந்தாளியின் பக்கமிருந்து பார்த்தால் இதில் இன்னொரு கருணை தெரியும். மூன்று நாள்வரை அவர் உண்பது உரிமை. நான்காம் நாள் முதல் அவர் உண்பது தர்மம். மானமுள்ள மனிதன் அந்த நான்காம் நாளை விரும்பமாட்டான்.

ஊரும் வீடும் உள்ளவர் மூன்றாம் நாள் ஸலாம் சொல்லி விடைபெற்றுவிடுவார். திரும்பிப் போக ஊரே இல்லாதவர் என்ன செய்வார்? உயிருக்கு அஞ்சி ஓடிவந்து, அயல்நாட்டின் வாசலில் நின்று அடைக்கலம் கேட்பவருக்கு நான்காம் நாள் என்ன பெயர்? விருந்தாளியா? பிச்சைக்காரரா? அல்லது நம்மோடு சேர்ந்து உழைத்துண்ணும் அண்டை வீட்டாரா?

இன்றைய உலகில் இலட்சக்கணக்கானோர் இந்தக் கேள்விக்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். "உன் மனு பரிசீலனையில் இருக்கிறது, முடிவு தெரியும்வரை காத்திரு, காத்திருக்கும்வரை வேலை செய்யாதே" என்பதே பல நாடுகள் அவர்களுக்குச் சொல்லும் பதில். இது நியாயம்தானா? உண்ணச் சோறு கொடுத்துவிட்டால், உழைக்கத் தடை விதிக்கும் உரிமை நமக்கு வந்துவிடுமா? இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

அயர்லாந்து நாட்டில் நடந்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியை முழுமையாக நம்முன் வைக்கிறது.

பர்மாவைச் சேர்ந்த ஒருவர் 2008ஆம் ஆண்டில் அங்கு சென்று தஞ்சம் கோரினார். தஞ்சம் கோருவோரை விடுதிகளில் தங்கவைத்து, உணவளித்து, கைச்செலவுக்குச் சிறு தொகை கொடுக்கும் ஏற்பாடு அந்நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் இருந்துவந்தது. பழைய ஹோட்டல்கள், மடங்கள், மாஸ்னி என்ற ஊரில் ஒரு காலத்தில் மக்கள் விடுமுறையைக் கழித்த கேளிக்கை முகாம் ஆகியவையெல்லாம் இப்படி விடுதிகளாயின. குறித்த நேரத்தில் உணவு வரும். படுக்க இடம் உண்டு. பெரியவர் ஒருவருக்கு வாரம் 19 யூரோ 10 சென்ட் கிடைக்கும். ஆனால் வேலை தேடவும் கூடாது; செய்யவும் கூடாது. 1996ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் அவ்வாறு தடுத்திருந்தது.

சில மாதங்களில் முடிவு தெரிந்துவிட்டால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மனுவோ மறுப்பு, மேல்முறையீடு, மறுபரிசீலனை என்று ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. இடையில் 2013ஆம் ஆண்டு, அவர் தங்கியிருந்த விடுதியிலேயே அவருக்கு வேலை கொடுக்க முன்வந்தார்கள். வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. உண்டு உறங்கும் இடத்திலேயே உழைத்துச் சம்பாதிக்கலாம். சட்டம் அதற்கும் இடம் தரவில்லை. அவர் நீதிமன்றம் சென்றார்.

உயர் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. அங்கே மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அவர் பக்கம் நின்றார். வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டுவதற்குள் எட்டு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அவருக்கு அகதி என்ற அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. எட்டு ஆண்டு என்பது ஒரு மனிதனின் வாலிபத்தில் பெரும்பகுதியன்றோ! அந்த ஆண்டுகளை யாரால் திருப்பித் தர முடியும்?

நீதிமன்றம் கண்ட உண்மை

2017 மே 30ஆம் நாள் அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேலை என்பது வெறும் கூலிக்காக மட்டுமன்று. அது மனிதனின் கண்ணியத்தோடும் சுதந்திரத்தோடும் இணைந்தது. மனிதனை மனிதனாக்கும் காரியங்களுள் ஒன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். குடிமக்களுக்கும் அந்நியருக்கும் இடையே அரசு வேறுபாடு காட்டலாம். வேலைக்குக் கட்டுப்பாடும் விதிக்கலாம். ஆனால், பரிசீலனை எப்போது முடியும் என்பதற்கு எல்லையே இல்லாதபோது, எல்லையே இல்லாத தடையும் விதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிபதிகள் கூறினர். சட்டத்தைச் சீர்செய்ய அரசுக்கு ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் தடை செல்லாதென முறைப்படி அறிவிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் பட்டினி கிடந்ததாக வழக்கு இல்லை. சோறு கிடைத்தது, கூரை இருந்தது. அப்படியிருந்தும் அவருக்கு ஓர் அநீதி நடந்துவிட்டது என்று நீதிமன்றம் கண்டது. ஏன்? வயிறு நிறைவது மட்டுமே மனிதனின் தேவையன்று என்பதால்தான்.

மத்யனில் கிடைத்த வேலை

இந்த உண்மை நமக்குப் புதியதன்று. திருமறையின் ஸூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். தம்மைக் கொல்லச் சூழ்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அஞ்சியவர்களாக எகிப்தைவிட்டு வெளியேறி மத்யனை வந்தடைந்தார்கள் அவர்கள். இன்றைய மொழியில் சொன்னால், தஞ்சம் தேடி வந்தவர். கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களின் முதிய தந்தை அவர்களை அழைத்து, கதை முழுவதையும் கேட்டு, அநியாயக்காரர்களிடமிருந்து தப்பிவிட்டீர், இனி அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறினார்.

அடைக்கலம் கொடுத்தாயிற்று. அத்துடன் அந்த வரலாறு நின்றதா? இல்லை. அடுத்த வார்த்தையே வேலையைப் பற்றியது. வலிமையும் நம்பிக்கையும் உள்ள இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மகள்களில் ஒருவர் தந்தையிடம் யோசனை சொல்கிறார். எட்டு ஆண்டுகள் வேலை, விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று ஒப்பந்தம் ஆகிறது. அதோடு திருமண உறவும் அமைகிறது. அந்தப் பெரியவர் வந்தவருக்கு ஒரு மூலையில் பாய் விரித்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு உட்காரவைக்கவில்லை. ஆடு மேய்க்கும் கோலைக் கையில் கொடுத்தார், ஊரில் ஒருவராக்கினார்.

மத்யனிலும் எட்டு ஆண்டு. அயர்லாந்திலும் எட்டு ஆண்டு. அங்கே எட்டு ஆண்டும் உழைப்பு. இங்கே எட்டு ஆண்டும் காத்திருப்பு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்!

மதீனாவிலும் நாம் இதையே காண்கிறோம். மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருடைய பொருளிலும் குடும்பத்திலும் பரக்கத் உண்டாகட்டும் என்று துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றுதான் கேட்டார்கள். வழி காட்டினார்கள், போனார்கள், தயிர்க்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார்கள். கொடுக்க முன்வந்த அன்ஸாரியின் பெருந்தன்மையை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தக் கடைவீதியின் கதவு முஹாஜிருக்குத் திறந்திருந்ததே, அந்தப் பெருந்தன்மையை நாம் பேசுவதில்லை. "நீ வெளியூர்க்காரன், உன் மனு முடியும்வரை சந்தைக்குள் வராதே" என்று அங்கே எவரும் தடுக்கவில்லை.

மறுப்போர் சொல்லும் நியாயம்

வேலை அனுமதியை மறுப்போரிடமும் நியாயங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது.

வந்தவுடன் வேலை கிடைக்கும் என்று தெரிந்தால், உயிராபத்து இல்லாதவர்களும் அகதிகள் என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது முதல் வாதம். உள்ளூர்த் தொழிலாளியின் வேலைக்கும் கூலிக்கும் பாதகம் வரும் என்பது இரண்டாவது. மனு தள்ளுபடியானால் வேலையில் வேரூன்றிவிட்டவரைத் திருப்பி அனுப்புவது கடினம் என்பது மூன்றாவது.

இவற்றை நாம் அலட்சியம் செய்யலாகாது. தன் வீட்டு வாசலைக் காப்பது வீட்டுக்காரரின் உரிமை. பொய் சொல்லி வருபவர் உண்மையாய் வருபவரின் உரிமையைக் கெடுக்கிறார் என்பதும் மெய்யே. ஆயினும் இந்த வாதங்கள் எல்லாம் எதைக் காட்டுகின்றன? மனுக்களை விரைந்து விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்பதையே காட்டுகின்றன. விசாரணையைத் தாமதப்படுத்துவது அதிகாரிகள். தாமதத்தின் தண்டனையை அனுபவிப்பது மனுதாரர். ஒருவர் செய்த தாமதத்துக்கு மற்றவர் கையைக் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்? பொய்யர் பத்துப் பேர் வந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், உண்மையாளர் ஒருவரை எட்டு ஆண்டுகள் சும்மா உட்காரவைப்பதை அறம் என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் காலவரம்பு என்பதே இதில் முக்கியமான விஷயமாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள், ஒன்பது மாதங்களுக்குள் முதல் முடிவு சொல்லப்படாவிட்டால் வேலைக்கு வழி திறக்க வேண்டும் என்றன. 2024இல் திருத்தி எழுதப்பட்டபோது அது ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. அயர்லாந்து 2018 ஜூன் இறுதியில் ஒன்பது மாத விதியை ஏற்று, 2021இல் அதை ஆறு மாதமாக்கியது. 2020இல் அங்கு அறிக்கை தந்த ஆலோசனைக் குழு மூன்று மாதமே போதும் என்று பரிந்துரைத்திருந்தது. பக்கத்திலுள்ள பிரிட்டனோ எதிர்த்திசையில் சென்றது. ஆறு மாதத்துக்குப் பின் அனுமதி கேட்கலாம் என்றிருந்த சலுகையை 2002 ஜூலையில் நீக்கிவிட்டது. பின்னர் வந்த விதியில் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் ஆள் பற்றாக்குறை என்று அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே வழி விடப்பட்டது.

திறந்தும் திறவாத கதவு

அனுமதி என்று காகிதத்தில் எழுதிவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. அயர்லாந்தில் தடை செல்லாதென்றான பிறகு, 2018 பிப்ரவரி முதல் சில மாதங்களுக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு வந்தது. ஆண்டுக்கு 30,000 யூரோ சம்பளம் தரும் வேலையாக இருக்க வேண்டும். உணவகம், துப்புரவு உள்ளிட்ட அறுபதுக்கு மேற்பட்ட தொழில்கள் கூடா. அனுமதிச் சீட்டுக்கு ஆயிரம் யூரோவரை கட்டணமும் உண்டு. வாரம் இருபது யூரோவைச் சுற்றி வாழ்ந்த மனிதர் ஆயிரம் யூரோவுக்கு எங்கே போவார்? கதவைத் திறந்து வாசலில் சுவர் எழுப்பியது போலாயிற்று.

ஜூன் இறுதியில் வந்த விதிகள் அந்தச் சுவரை அகற்றின. அனுமதிக்குக் கட்டணமும் இல்லாமல் போனது. அப்போதும் வேறு முட்டுக்கட்டைகள் இருந்தன. சம்பளம் போடுவதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கான அடையாளச் சான்று இவர்களிடம் இருப்பதில்லை. விடுதிகள் பல ஊருக்கு வெளியே. பஸ் வராத இடத்திலிருந்து வேலைக்குப் போக வண்டி வேண்டும். வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் எடுக்கும் வழியோ 2022இல்தான் பிறந்தது.

ஒருவருக்கு உரிமை கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வது எளிது. அந்த உரிமை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே அமானிதம். கோடரி கேட்டவனுக்குக் காம்பில்லாத கோடரியைக் கொடுத்து அனுப்பலாகாது. தம்மிடம் யாசகம் கேட்டு வந்தவரின் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்தார்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். அக்கோடரிக்குக் காம்பைத் தம் கையாலேயே பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார். காம்பு பொருத்திய அந்தக் கை நமக்கெல்லாம் பாடம்.

இருட்டில் வாங்கும் வேலை

தடை விதித்தால் மனிதன் உழைக்காமல் இருந்துவிடுகிறானா? ஊரில் தாய் நோயில் கிடக்கிறாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். தப்பி வருவதற்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. அவன் இரவில், பின்வாசல் வழியாக, யாரோ ஒருவரின் சமையலறைக்குள் நுழைகிறான். அங்கே அவனுக்குப் பெயர் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. விபத்து நேர்ந்தால் கேட்பாரும் இல்லை. பாதிக் கூலி கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். கொடுக்காவிட்டாலும் போலீஸுக்குப் போகமாட்டான்.

அவன் சட்டத்தை மீறியது சரியா, அந்தச் சம்பாத்தியத்தின் நிலை என்ன என்பன பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. அதை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். தங்கியிருக்கும் நாட்டுடன் செய்துகொண்ட உடன்பாட்டைப் பேணுவதும் மார்க்கக் கடமைகளுள் ஒன்று என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சமையலறையின் முதலாளியைப் பற்றி நமக்கு ஐயமே இல்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதை புகாரீயின் நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. அந்தத் தொழிலாளியிடம் அனுமதிச் சீட்டு இருந்ததா இல்லையா என்று அங்கே பேச்சில்லை.

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமான நாடு மலேசியா. நம்மவர் நடத்தும் உணவகங்களும் கடைகளும் அங்கே ஏராளம். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் பெருந்தொகையினர் அங்கே தஞ்சமடைந்து, சட்டப்படி வேலைக்கு உரிமையில்லாமலே ஆண்டுக்கணக்கில் கூலி வேலை செய்து பிழைத்துவந்தார்கள். 2017இல் முன்னூறு ரோஹிங்யாக்களுக்கு வேலை அனுமதி தரும் சோதனைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அது நிலைத்த ஏற்பாடாக வளரவில்லை.

அப்படிப்பட்ட நாடுகளில் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் உறவினர் எத்தனை பேர்! தன் முன்னே கைகட்டி நிற்கும் மனிதனிடம் காகிதம் இல்லை என்பது தெரிந்தவுடன், "இவனுக்குக் குறைத்துக் கொடுத்தால் போதும்" என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்தால், அங்கேதான் ஈமானுக்குப் பரீட்சை. ஆளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாங்கிய உழைப்புக்கு முழுக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். சட்டத்தின் ஓட்டையை இலாபமாக்கிக்கொண்டு, அந்தப் பணத்திலிருந்தே ரமளானில் ஏழைகளுக்குத் துணி கொடுப்பவருக்கு அந்தத் துணி என்ன நன்மையைத் தேடித் தரும்?

நாம் செய்யக் கூடியது

அரசுகளின் சட்டத்தை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் உதவி என்பதற்கு நாம் கொடுத்துவரும் பொருளை மாற்றிக்கொள்ளலாம் அன்றோ! புயலாலோ கலவரத்தாலோ கடனாலோ ஊரைவிட்டு வந்து நம் மஹல்லாவில் ஒதுங்கும் குடும்பத்துக்கு அரிசி கொடுக்கிறோம். பழைய துணி கொடுக்கிறோம். அல்ஹம்து லில்லாஹ், அது நல்ல காரியமே. நான்காம் நாள் அவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்போம்: "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" தையல் தெரிந்தவருக்கு மெஷின், சமைக்கத் தெரிந்தவருக்கு அடுப்பு, ஓட்டத் தெரிந்தவருக்கு வண்டி. ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு பெரியவர்; விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் படித்த ஒரு பிள்ளை. இவையெல்லாம் காம்பு பொருத்தும் காரியங்கள்.

அயல்நாட்டில் தஞ்சம் கோரிக் காத்திருக்கும் உறவினரோ அறிமுகமானவரோ இருந்தால், அவருக்கு ஒன்றை நினைவூட்டுவோம். வேலை அனுமதி தானாக வந்து சேராது. உரிய காலம் முடிந்தவுடன் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வெட்கப்பட்டு, அஞ்சி, கேளாமல் இருந்துவிடுவோரும் உண்டு. அது யாசகமன்று, உழைத்துண்ண வழி கேட்பது. தாவூத் (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கைத்தொழிலின் ஊதியத்திலேயே உண்டார்கள் என்று நாம் படிக்கவில்லையா?

தஞ்சம் என்பது நான்கு சுவரும் ஒரு தட்டுச் சோறும் மட்டுமன்று. அடைக்கலம் தேடி வந்தவர், இழந்த ஊரைத் திரும்பப் பெற முடியாவிட்டாலும், தம் கைகளையாவது திரும்பப் பெற வேண்டும். அதைக் கொடுக்காதவரை நாம் அவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்திருக்கிறோம்; வாழ்வைக் கொடுக்கவில்லை.

ஊரிழந்து நிற்போருக்கு ஹலாலான உழைப்பின் வாசலை அல்லாஹ் திறந்து வைப்பானாக! வந்தவரின் கையில் கோலைக் கொடுத்த மத்யன் பெரியவரின் மனத்தை நமக்கும் அளிப்பானாக! ஆமீன்.